காலேஜ் மெயில் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த விவரம்

திருநின்றவூர்,
ஆடிக் கடைசி வெள்ளி.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு, மாமனார் ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. இவ்விடம் எனக்கு மூட்டு வலியும் தங்கள் மாமியார் சாவித்திரிக்கு நானும் இருப்பதைத் தவிர வேறு குறையில்லை. அவ்விடம் தாங்களும் எங்கள் மகள் அகல்யாவும் ஹைதராபாத் தண்ணீருக்கு உடம்பு ஒத்துப்போய் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் இப்போது இருக்கும் அப்பார்ட்மென்ட்டிலேயே பெரிய ஃபிளாட்டாகப் பார்ப்பதாகவும், நாங்கள் இருவரும் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு நிரந்தரமாக அங்கேயே வந்துவிடுவதென்றால் மூன்று அறையாக எடுப்பதாகவும், வருகிறோமா இல்லையா என்று ஆவணி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். பதில் என்னவென்றால், வர இயலாத நிலையில் இருக்கிறேன். அதற்குக் காரணம் தாங்கள்தான். மரியாதையோடுதான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் சொல்லலாமென்றால் மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வந்தாலும் சாவித்திரி பக்கத்தில் நின்று கிள்ளுவாள். மெயிலில் எழுதலாமென்றால், மெயிலைப் பற்றிய புகாரை மெயிலிலேயே அனுப்புவது முறையல்ல. ஆகவே பேப்பர்.

நான் நாகம்மாள் நினைவு பாலிடெக்னிக்கில் ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றதும், பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "ஏகாம்பரம், புது ஆள் வர்ற வரைக்கும் காலேஜ் மெயிலை வீட்லேர்ந்தே பாத்துக்கோப்பா, அட்மிஷன் நேரம்" என்று சொன்னதும் தங்களுக்குத் தெரியும். பிரவுசரில் திறந்தால் ஒவ்வொரு தரமும் ஆபீஸ் போனுக்கு ஓடிபி போகும், அதை ஆபீஸ் அசிஸ்டென்ட் கோபி எடுத்துச் சொல்ல வேண்டும், கோபி டீக்குப் போயிருப்பான். "கம்ப்யூட்டர்லயே ஒரு மெயில் புரோகிராம் போட்டுக்கோங்க மாமா, ஒரு வாட்டி செட் பண்ணிட்டா அப்புறம் யாரையும் கேக்க வேணாம்" என்று யோசனை சொன்னது யார்? தாங்கள். புதன்கிழமை ராகு காலம் கழிந்ததும் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, போனில் தாங்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டு வந்தேன். "பேர் கேக்கும், போடுங்க" என்றீர்கள். பேர் என்றால் வெறும் பேரா போடுவார்கள்? 'ஏகாம்பரம், சூப்பரின்டெண்ட் (ஓய்வு)' என்று முழுசாகப் போட்டேன். அதன் பிறகு காலேஜிலிருந்து போன அத்தனை மெயிலின் தலையிலும் அதுவே வந்திருக்கிறது. பட்டாபிராமிலிருந்து ஒரு தகப்பனார் பதறிப்போய் போன் செய்து, "இன்னா சார், காலேஜே ரிட்டயர் ஆயிடுச்சா? எம் புள்ளைய நான் எங்க சேக்கறது?" என்று கேட்டார்.

அது கிடக்கட்டும். பேர், விலாசம், பாஸ்வேர்டு எல்லாம் முடிந்து, அடுத்த பக்கம் திறக்கும் நேரத்தில் தாங்கள், "மாமா, மீட்டிங் வந்துடுச்சு. இன்னும் ஒரு கேள்விதான் வரும், அதை நீங்களே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். மாப்பிள்ளை, அந்த ஒரு கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் இன்றுவரை. மெயிலை எந்த வழியாக இறக்குவது, ஐமேப்பா, பாப்பா என்று கேட்டது. இரண்டும் எனக்கு முன்பின் தெரியாத ஆட்கள். தங்களுக்கு மறுபடி போன் போட்டால் மீட்டிங். அந்தப் பக்கம் அகல்யாவும் மீட்டிங். சாவித்திரி சும்மா இருப்பாளா? "நம்ம அகல்யாவுக்கு ரெண்டு ஜாதகம் வந்தப்போ என்ன பண்ணோம்? பூ போட்டுத்தானே பாத்தோம்?" என்றாள். (அந்த வகையில் தாங்களும் பிள்ளையார் எடுத்துக் கொடுத்தவர்தான்.) உடனே இரண்டு காகிதத்தில் இரண்டையும் எழுதி, வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, பூஜை அலமாரிப் பிள்ளையார் முன்னால் போட்டுக் குலுக்கி, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பாப் வந்தது. தெய்வ வாக்கு, நான் என்ன செய்ய? பாப்பை அழுத்தினேன்.

அழுத்தியதும் கீழே சின்னதாக ஒரு டிக். மெயிலின் நகல் ஒன்று சர்வரிலும் இருக்கட்டுமா என்று கேட்டது. முப்பது வருஷ ஆபீஸில் நான் கட்டிக் காத்த ஒழுங்கு என்ன? ஒரு தபால் ஒரு ஃபைல், ஒரு ஃபைல் ஓர் இடம். நகல் இரண்டு இடத்தில் இருந்தால் பதிலும் இரண்டு பேர் எழுதுவார்கள், ஒருவன் சரி என்பான், ஒருவன் முடியாது என்பான், கடைசியில் என் தலை உருளும். ஆகவே அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மாப்பிள்ளை. அன்று மத்தியானம் ஏரிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஒவ்வொரு மெயிலாக வந்து இறங்க ஆரம்பித்தது. ஒன்றின் கீழ் ஒன்று, சத்தமே இல்லாமல், காலேஜுக்கு மெயில் பெட்டி திறந்த நாளிலிருந்து வந்த அத்தனையும். நான் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டவர் வந்தார், அந்தத் தங்கைக்கு இப்போது பெண் பள்ளிக்கூடம் போகிறது. ஹாஸ்டல் உப்புமாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய பையன் வந்தான். "என் மகன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவது தெரிகிறது, அதற்குப் பிறகு தெரியவில்லை, அங்கு வருகிறானா?" என்று கேட்ட ஒரு தகப்பனார் வந்தார். மைனா கூடு கட்டியிருக்கிறது, முட்டை பொரிக்கும் வரை என் அறை ஏசியைப் போட வேண்டாம் என்று விண்ணப்பித்த கணக்கு மேடம் வந்தார். அந்தக் கோடை முழுக்க அவர் வேர்த்துக்கொண்டே பாடம் எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. சாவித்திரி சாப்பிடக் கூப்பிட்டதும் கேட்டது, எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை. எப்போது கண் அசந்தேனோ, கனவில் இவர்கள் எல்லாரும் லோக்கல் ரயிலில் வந்து நம் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரை வழியாக வரிசையாக நடந்து வந்து, ஒவ்வொருவராக ஜன்னலில் எட்டி, "சார், என்னுது பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். நான் "பாத்தேன்பா, பாத்தேன்பா" என்று எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கி வெகுகாலம் ஆகிறது.

எழுப்பியது பிரின்சிபாலின் போன். "ஏகாம்பரம், குடி முழுகிப் போச்சுப்பா! ஆபீஸ்ல மெயில் பெட்டி தொறந்தா காலி. ஒண்ணு கூட இல்ல. எவனோ திருடிட்டான்னு லேப் செல்வகுமார் சொல்றான், போலீசுக்குப் போகலாமான்னு பாக்கறேன்" என்றார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே, "பயப்படாதீங்க சார், எல்லாம் எங்க வீட்லதான் இருக்கு, பத்திரமா இருக்கு" என்றேன். "உன் வீட்லயா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அதாவது, பாப் என்கிற அந்த ஆசாமி சர்வரில் இருந்ததை ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு, அங்கே துடைத்து வைத்துவிட்டானாம். புதிதாக எது வந்தாலும் அதுவும் நேரே இங்கே. டிக்கை எடுத்தால் அப்படித்தானாம். இதை மீட்டிங்குக்குப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா கூடாதா?

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது திருவிழா. முதலில் கோபி வண்டியில் வந்து இறங்கி, வீட்டை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், ஆபீஸ்னு சொல்லிகினு அங்க நாங்க சும்மா குந்திகினு கீறோம், மொத்த ஆபீசும் ஒங்க ஊட்ல கீது!" என்றான். அடுத்து நூலகர் விஜி மேடம், தனக்கு வர வேண்டிய புத்தகப் பட்டியலைத் தேடிக்கொண்டு. அதற்கடுத்து லீவு கேட்டவர்கள், லீவு கிடைத்ததா என்று பார்க்க வந்தவர்கள். சோஃபா நிறைந்து, ஊஞ்சல் நிறைந்து, செருப்பு கேட் வரைக்கும். சாவித்திரி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு தானாகவே பெரிய ஃபில்டரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். அகல்யா கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் இத்தனை டம்ளர் கழுவிக் கவிழ்த்ததில்லை. பிரின்சிபாலே ஒரு நாள் வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அடையும் அவியலும் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சர்வீஸில் இருந்த காலத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதுகூட இல்லை மாப்பிள்ளை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இன்றும் நிலைமை இதுவேதான். காலையில் குளித்து, பேன்ட் சட்டை போட்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரிவதில்லை. ஒரு முழுக் கல்வி நிறுவனம் என் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு நான் எப்படி ஹைதராபாத் வருவது? கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வாங்க என்று அகல்யா சொல்வாள். ரயில் குலுக்கலில் உள்ளே இருப்பதெல்லாம் இடம் மாறி, உப்புமாக்காரனுடைய மெயில் கணக்கு மேடத்தின் பெயரில் போய் நின்றால் யார் ஜவாப்? ஆகவே தாங்கள் இரண்டு அறை உள்ளதாகவே பார்த்துக்கொள்ளவும். எங்களுக்காக ஒரு அறையைக் காலியாகப் போட்டு வைத்து, அதைத் தினம் பார்த்துக்கொண்டு அகல்யா கண் கலங்குவது எனக்குப் பிடிக்காது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, காலேஜிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் போல. இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

அகல்யாவுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கு ஆசீர்வாதமும் மரியாதையும் சரி பாதி. மீட்டிங்குகள் குறைந்து, தாங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, சகல சௌபாக்கியங்களுடன் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ஏகாம்பரம், சூப்பரின்டெண்ட் (ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, நான் அத்தை எழுதுறேன். கொரியர்ல போடச் சொல்லி இவர் கவரை ஒட்டாம என்கிட்ட குடுத்துட்டார், படிச்சேன். வாசல்ல வந்தது கேஸ் சிலிண்டர். இவர் எழுதின திருவிழாவெல்லாம் நெசம்தான், ஆனா ஒரு வாரத்துல முடிஞ்சு போச்சு. லேப் செல்வகுமார் வந்து உக்காந்து, நான் போட்டுக் குடுத்த காபி ஆறதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப ஏத்திட்டு, காலேஜ் பாஸ்வேர்டையும் மாத்திட்டுப் போயிட்டான். புது சூப்பரின்டெண்டும் வந்தாச்சு. செல்வகுமார் போறப்போ பாவம், இவர் மூஞ்சியைப் பாத்துட்டு, இவர் பேர்ல தனியா ஒரு மெயில் விலாசம் பண்ணிக் குடுத்துட்டுப் போனான். அதுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வரலை. இவர் தினம் பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு அதைத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்குப் பாக்க முடியலை. நீங்க மூணு ரூமே எடுங்க. உங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு மெயில் பாக்க ஆள் இல்லைன்னும், தண்ணி வரலை, லிஃப்ட் நின்னு போச்சுன்னு எல்லாரும் கண்டபடி எழுதறாங்கன்னும் அகல்யா சொன்னா. அந்த வேலை இவருக்குத்தான்னு பேசி வெச்சுட்டு, செக்ரெட்டரியை விட்டே இவருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க. விலாசம் கவர் மேல எழுதியிருக்கேன். வந்தா மறுநாளே பெட்டியைக் கட்டிடுவார். நல்லாத் திட்டி எழுதறவங்களா நாலு பேர் இருந்தாங்கன்னா இன்னும் விசேஷம்.