ஹலோ அண்ணையின் கையளிப்பு வைபவங்கள்

மன்னாரில் ஒரு மனிதனின் மானத்தை வாங்குவதற்குப் பொலிஸ் வேண்டாம், கடன்காரன் வேண்டாம், சொந்தக்காரன்கூட வேண்டாம். ஹலோ அண்ணையும் ஒரு மைக்கும் போதும். தலைமன்னாரிலிருந்து முருங்கன் வரைக்கும் அவரால் தலைகுனியாத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அத்தனையையும் அவர் அன்பினால்தான் செய்தார் என்பது இன்னும் மோசம்.

அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கும், ஞானஸ்நானம் கொடுத்த சுவாமிக்கும் மட்டும்தான் தெரியும். மேடையேறியதும் மைக்கை விரலால் தட்டி, "ஹலோ... ஹலோ... ஹலோ..." என்று ஆரம்பிப்பார். பிரதம விருந்தினர் வரத் தாமதமானால் அந்த ஹலோ மட்டுமே அரை மணி நேரம் ஓடும். வீதியோரம் படுத்திருக்கும் கழுதைகள் எழும்பி, ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வீதிக்குப் போய்விடும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் அவருடையவை, ஏற்றி வரும் ஓட்டோவும் அவருடையது. கூலி கேட்கமாட்டார். ஒரு சோடாவும் இரண்டு றோல்ஸும் கொடுத்தால் மனிதர் குளிர்ந்துபோவார்.

நான் மன்னார் நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளன். நிறுவனத்தின் பெயர் நீளம், கந்தோர் இரண்டே அறை. தீவுக்கரைக்கு வலை, அடம்பன் பக்கம் விதைநெல், முருங்கன் பக்கம் கோழிக்கூடு என்று யாராவது தந்தால் வாங்கி யாருக்காவது கொடுப்போம். கொடுப்பது பெரிய வேலையில்லை. கொடுப்பதை விழாவாக்கி, விளக்கேற்றி, வீடியோ எடுத்துத் தந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. அந்த விழாக்களுக்குக் கையளிப்பு வைபவம் என்று பெயர். அவை எல்லாவற்றுக்கும் குரல் ஹலோ அண்ணை.

வீட்டிலும் அவருக்கு அதே பாஷைதான். ஒருநாள் நான் போயிருந்தபோது கதிரையில் சாய்ந்துகொண்டு, "இப்பொழுது தம்பிக்குத் தேநீர் வழங்குவதற்காக எனது பாரியாரை அன்புடன் அழைக்கின்றேன்" என்றார். குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, குரல் கொடுத்தார்.

"தேத்தண்ணி வழங்கலாம். முதல் கிணத்தடிக்குப் போய்த் தண்ணி வழங்குங்கோ."

அண்ணை வாளியோடு எழும்பிப் போனார்.

ஒரு செத்தவீட்டில் நன்றியுரையும் அவர் தலையில் விழுந்தது. பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னார், கதிரை தந்த சங்கத்துக்கு நன்றி சொன்னார், ஓட்டம் அப்படியே நிற்காமல், "இந்நிகழ்வு இனிதே நடைபெறுவதற்கு முதற்காரணமாக அமைந்த அமரர் அவர்களுக்கும்" என்று முடித்தார். அழுதுகொண்டிருந்த மகள்மார் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள். சுவாமி செபப்புத்தகத்தால் முகத்தை மறைத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதவை எங்கள் வைபவங்களில் நடந்தன. பொருள் வாங்க வருபவரின் பெயரை மட்டும் சொல்லி விட்டுவிட ஹலோ அண்ணையால் முடியாது. அவருடைய கஷ்டம் முழுவதையும் இழுத்துச் சொல்லி, சபையின் கண்ணைக் கலங்க வைத்த பிறகுதான் பொருளைக் கொடுக்க விடுவார். அடம்பன் பக்கத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரருக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்தோம். "இவ்வளவு காலமும் செம்பும் கையுமாகப் பற்றைகளை நாடிச் சென்ற இந்தப் பெருமகனார் இன்று முதல் கதவைச் சாத்திக்கொள்கிறார்" என்று அறிவித்தார். முன்வரிசையில் அந்த மனிதரின் புதுச் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். அந்த மலசலகூடத்தில் இன்றைக்கும் விறகுதான் இருக்கிறது.

அப்படியான நேரங்களில் நான் மேடையின் ஓரத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகேன் அவரைக் கூப்பிட்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து உதவுபவர்கள், அறிவிப்பாளர் பிரமாதம் என்று எழுதுவார்கள். வீடியோவில் அழுகிற முகம் ஒன்று இருந்தால் அடுத்த வருடமும் உதவி வரும். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வருடப் புயல் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, கனடாவிலுள்ள ஒரு சங்கம் மீனவருக்கு வலை தர முன்வந்தது. தலைவரே நேரில் வந்து கொடுப்பார். மேடைக்கு வந்து வாங்காதவருக்கு வலை இல்லை என்பது நிபந்தனை. வைபவத்துக்கு முதல்நாள் சம்மாட்டியார் எங்கள் கந்தோருக்கு வந்தார். சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு எடுப்பவரைத்தான் எங்கள் கரையில் சம்மாட்டி என்பார்கள். ஒரு காலத்தில் அவருடைய வள்ளத்தில் போகாத இளந்தாரி அந்தக் கரையில் இல்லை. இப்போது மிஞ்சியது ஒரு வள்ளம். வலையெல்லாம் கடலோடு போய்விட்டதால் அது கரையில் கவிழ்ந்து கிடந்தது.

கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"தம்பி, எனக்கு வலை வேண்டாம். வேறை ஆருக்கும் குடுங்கோ."

"ஏன் ஐயா? வலை இல்லாமல் எப்பிடித் தொழிலுக்குப் போவியள்?"

"அவன் மைக்கிலை என்ரை பேரைக் கூப்பிடுவான். கூப்பிட்டால் பரவாயில்லை. கதை சொல்லுவான். முன்னாலை இருக்கிறது முழுக்க என்னட்டைச் சம்பளம் வாங்கின பெடியள், தம்பி."

"நான் அவரோடை கதைக்கிறன் ஐயா. நீங்கள் வாங்கோ."

"நீங்கள் கதைச்சு அவன் நிப்பாட்டினவனோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே ஹலோ அண்ணை வீட்டுக்குப் போனேன். வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"தம்பி, சம்மாட்டியாருக்கு ஒண்டு யோசிச்சு வச்சிருக்கிறன், கேளுங்கோ. பத்துக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கரம், இன்று உங்கள் முன்னால் ஏந்தி நிற்கிறது. எப்பிடி? மண்டபம் குளறும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அண்ணை, சின்ன வயதிலை எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்துக் குடுத்த அண்டைக்கும் நீங்கள்தான் மைக். என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஞாபகம் இல்லாமலோ? தந்தை குடியினால் தள்ளாடுகிறார், தனயன் வெறுங்காலுடன் ஓடுகிறான். அண்டைக்கு அழாத ஆள் இல்லை, தம்பி."

"அப்பா அந்த மண்டபத்திலைதான் இருந்தவர். எழும்பி வெளியிலை போனார். நான் அந்தச் சப்பாத்தைப் போடவேயில்லை, அண்ணை."

அக்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்றார். ஹலோ அண்ணையின் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. அந்த வாயிலிருந்து சத்தம் வராததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"மைக்கிலை பேர் வாறது பெருமையெண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றார் கடைசியில். "அப்ப, எல்லாருக்கும் அப்பிடித்தானோ?"

"ஓம் அண்ணை."

மனிதர் எழும்பிப் போய் ஓட்டோவுக்குள் இருந்துகொண்டார். இவ்வளவு காலம் வாய்மூடி இருந்துவிட்டு இப்போது இப்படிப் போட்டு உடைத்தேனே என்று, வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அக்கா அன்றிரவே சம்மாட்டியார் வீட்டுக்குப் போய், "என்ரை மனுசன் ஒண்டும் சொல்லாது, நான் பொறுப்பு" என்று சத்தியம் பண்ணி வந்ததாகப் பிறகு அறிந்தேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. கனடாத் தலைவர் மன்னார் வெயிலில் கோட்டும் ரையுமாக வந்து, மின்விசிறிக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். சம்மாட்டியார் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், அரைக் கதிரையில் இருந்தார். ஹலோ அண்ணை மைக்கைத் தட்டவில்லை. ஹலோவும் சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லி, "வாங்கோ" என்றார், அவ்வளவுதான். வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள்.

"அண்ணைக்குத் தொண்டைக்கை ஏதும் பிழையோ?" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் கவலைப்பட்டாள்.

சம்மாட்டியாரின் முறை வந்தது. மைக்கில் ஒரு பெருமூச்சுக் கேட்டது. மடு மாதாவே, இந்த மனிதரின் வாயை ஒரு நிமிடம் கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டேன். மாதா வேறு ஏதோ அலுவலாக இருந்திருக்க வேண்டும்.

"அடுத்ததாக, கடல் கடந்து வந்திருக்கும் எமது விருந்தினர் அவர்களுக்கு, இந்தக் கரையின் சார்பில் வலை ஒன்றை வழங்கிக் கௌரவிக்குமாறு எமது மதிப்புக்குரிய சம்மாட்டியார் அவர்களைப் பணிவன்புடன் அழைக்கின்றேன்."

மாற்றிச் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சம்மாட்டியார் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு எழும்பினார், சேட்டை இழுத்துவிட்டார், நடுவழியால் நிமிர்ந்து நடந்து வந்தார். இரண்டு பேர் தூக்கி வைத்த வலைக்கட்டைத் தனியாளாகத் தூக்கிக் கனடாத் தலைவரின் கையில் கொடுத்தார். தலைவர் பாரத்தில் பாதியாக மடிந்துபோய், "தாங்க்ஸ்" என்றார். சம்மாட்டியாரிடம் ஒருகாலம் வேலை செய்தவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

தலைவர் என்னைப் பார்த்து இரகசியமாகக் கேட்டார். பக்கத்தில் மைக் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"தம்பி, இதை நான் எங்கை கொண்டுபோறது?"

"ஐயா நியாயமான கேள்வி கேட்கிறார்," என்றார் ஹலோ அண்ணை. "கனடாவில் இந்த வலைக்கு வேலை கிடையாது. ஆகையால் தொழில் தெரிந்த ஒருவரிடம் இதை ஒப்படைக்க ஐயா விரும்புகிறார். சம்மாட்டியார் அவர்கள் சிரமத்தைப் பாராமல் பொறுப்பெடுத்து உதவ வேண்டும்."

சம்மாட்டியார் வலையின் கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"சரி, தாங்கோ. பாப்பம்," என்றார்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வலை அவருடைய தோளில் ஏறி வாசலால் வெளியே போனது.

திரும்பும்போது வாகனத்துக்குள் தலைவர் கோட்டைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"வீடியோவிலை ஆர் குடுக்கிறது, ஆர் வாங்கிறது எண்டு விளங்குமோ?"

"விளங்காது ஐயா."

"வெட்டி ஒட்டேலாதோ?"

"சத்தமும் இருக்கு ஐயா."

அந்தச் சங்கம் இப்போது வேறு மாவட்டத்துக்கு உதவுகிறது. எங்கள் நிர்வாகசபை என்னை நடுவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கியது. இனிமேல் அந்த மனிதர் எங்கள் மேடையில் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று. அதை நேரில் போய்ச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

போனேன். முற்றத்துக் கதிரையில் இருந்து மழையைப் பற்றிக் கதைத்தேன், டீசல் விலையைப் பற்றிக் கதைத்தேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு சம்மாட்டியார் வந்தார். கையில் ஒரு பெரிய பாரை மீன், அப்போதுதான் கடலால் வந்தது.

"இந்தா," என்று ஹலோ அண்ணையிடம் நீட்டினார். "புது வலையிலை பட்டது."

எத்தனையோ பேரை மேடைக்குக் கூப்பிட்டு வாங்க வைத்த மனிதருக்கு, தான் வாங்கும்போது கையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கையை நீட்டினார், மடக்கினார், சாரத்தில் துடைத்தார். பார்வை நிலத்துக்குப் போய்விட்டது. காதுமடல் சிவந்துவிட்டது.

"வாங்குங்கோவன்," என்றார் அக்கா.

இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. சம்மாட்டியார் அவருடைய தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டார். என் சட்டைப்பைக்குள் ஃபோன் இருந்தது. அந்த முகத்தைப் படமெடுத்து எந்த நாட்டுக்கும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மீனைப் பிடித்தபடியே அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் ஏதோ சொல்ல வந்தனீங்கள்."

"ஒண்டுமில்லை அண்ணை," என்றேன். "வாற மாசம் முருங்கனிலை கோழிக்கூடு குடுக்கிறம். நீங்கள்தான் மைக்."