மாமனாருக்கு ஆபீஸ் காட்டிய நாள்

நான் பொய் சொல்லவில்லை. சொன்னவர் என் சித்தப்பா. நான் செய்த குற்றமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். ஆனால் வாயை மூடிக்கொண்டே ஒருவன் எவ்வளவு பெரிய பொய்யனாக முடியும் என்பதற்கு, அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் என்னைவிட நல்ல சான்று இருந்திருக்காது.

அப்போது நான் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். கயிறு, ஆணி, பெயிண்ட் டப்பா இவைதான் என் ராஜ்யம். ஒரு சனிக்கிழமை மாலை நண்பன் ஒருவன் புதுக் கேமராவோடு வந்து, ஸ்டாம்ஃபோர்டு சாலையில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் அருங்காட்சியகத்தின் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். படத்துக்காகப் போட்டிருந்த இரவல் கோட்டு உடம்பில் ஒட்டி வியர்த்ததால் உள்ளே போகாமலே திரும்பிவிட்டோம்.

அந்தப் படத்தைத்தான் சித்தப்பா நாகப்பட்டினத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டாருக்கு அனுப்பினார். ‘பையன் உத்தியோகம் பார்க்கும் இடம் பின்னால் தெரிகிறது’ என்று கூடவே ஒரு வரி. ‘உத்தியோகம் பார்க்கும் ஊர்’ என்று எழுத நினைத்துக் கை தவறிவிட்டதாகப் பிறகு விளக்கம் சொன்னார். (சித்தப்பாவின் கை இந்த மாதிரி விஷயங்களில் மட்டும்தான் தவறும்.)

கல்யாணம் முடிந்து மங்களம் கப்பலில் வந்து சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“அப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. அவர் தலைமையாசிரியரா இருந்தவர். பொய் சொன்னா அவருக்குப் பிடிக்காது” என்றாள்.

“அடுத்த கடிதாசில எழுதறேன்” என்றேன்.

இரண்டு வருடங்கள் அந்த அடுத்த கடிதத்திலேயே கழிந்தன. பிறகு பேரனைப் பார்க்க மாமனாரே கப்பல் ஏறி வந்துவிட்டார். வந்த மறுநாள் காலை, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“மாப்பிள்ளை, ஊர் சுத்தறதெல்லாம் அப்புறம். முதல்ல உங்க ஆபீஸைப் பாக்கணும்.”

மங்களம் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தொண்டையைக் கூடச் செருமிக்கொண்டேன்.

“அதுக்கென்ன மாமா, ஞாயித்துக்கிழமை போவோம்” என்றது என் வாய்.

ஞாயிறு விடுமுறை, ஆள் நடமாட்டம் இருக்காது, வெளியிலிருந்தே காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது என் திட்டம். அருங்காட்சியகத்துக்குள் ஒரு தடவையாவது போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே திருவிழாக் கூட்டம் என்று தெரிந்திருக்கும். மங்களம் வர மறுத்துவிட்டாள். “என்னால பாக்க முடியாது” என்று ஒரே வார்த்தை.

வாசலில் கூட்டத்தைப் பார்த்து மாமனார் மலைத்து நின்றார்.

“லீவு நாள்லயும் இவ்வளவு பேர் வேலைக்கு வராங்களா?”

“பொதுஜனங்க மாமா.”

உள்ளே கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்பதால், மாமனார் வாயைப் பிளந்த அதே நேரத்தில் நானும் பிளந்தேன். நல்லவேளை, அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உங்க பொறுப்பா?”

“இல்ல மாமா. அது வேற செக்‌ஷன்.”

“உங்க ரூம் எது?”

மூடியிருந்த ஒரு கதவைக் காட்டினேன். அவர் நேரே போய்க் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். தெய்வாதீனமாகப் பூட்டியிருந்தது.

மாடி ஏறியதும் அவருக்குக் கால் வலித்தது. அங்கே ஒரு பழைய செதுக்கு நாற்காலி, யாரோ ஒரு ராஜா அமர்ந்ததாம், சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கம்பீரமாக இருந்தது. நான் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கத்தியைப் பற்றி ஏதோ அளந்துவிட்டுத் திரும்பினால், மாமனார் கயிற்றை அவிழ்த்து ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

“மாமா, அதுல உக்காரக் கூடாது.”

“உங்க ஆபீஸ்தானே மாப்பிள்ளை, யார் என்ன சொல்லப் போறாங்க?”

சொல்ல ஒருவர் வந்தார். சீருடை, தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி, நரைத்த மீசை. “தா போலே, தா போலே” (கூடாது, கூடாது) என்று மலாயில் படபடத்தார். நானும் என் அரைகுறை மலாயில் மன்னிப்புக் கேட்டேன்.

“என்ன சொல்றார்?” என்றார் மாமனார்.

“சௌகரியமா இருக்கான்னு கேக்கறார் மாமா.”

“ரொம்ப சௌகரியம்னு சொல்லுங்க.”

காவலர் மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை குரல் உயர்ந்திருந்தது.

“இப்ப என்னவாம்?”

“குடிக்க ஏதாவது வேணுமான்னு கேக்கறார்.”

காவலர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, கடலோரத் தமிழில் நிதானமாகச் சொன்னார்:

“பெரியவரே, குடிக்க வேணுமான்னு நான் கேக்கல. கீழ இறங்குங்கன்னு சொன்னேன். எனக்கும் நாகூருதான்.”

தொப்பியைப் பார்த்து மலாய்க்காரர் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். என் காது இரண்டும் கொதித்தன. மாமனாரோ அசையவில்லை.

“நாகூரா? ரொம்ப சந்தோஷம். ஆனா உங்க ஆபீசரையே உங்களுக்கு அடையாளம் தெரியலயே” என்று என்னைக் காட்டினார்.

அந்த மனிதர் அப்போது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதில் கேலி இல்லை. ஜுரத்தில் கிடப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

“தம்பி, நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

சொன்னேன். சித்தப்பா, போட்டோ, இரண்டு வருடக் கடிதங்கள், ஆணி, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிலும் பத்துப் பேர் நின்று கேட்டார்கள். மாமனார் மெதுவாக எழுந்து, வெற்றிலைப் பெட்டியை மூடி, கயிற்றைத் தன் கையாலேயே திரும்பக் கட்டினார். காவலரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். எனக்காகவும் சேர்த்துக் கேட்டார் என்பதுதான் வலித்தது.

பஸ்ஸில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். சிராங்கூன் சாலை தாண்டும்வரை நான் மங்களத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளை ஊருக்கே கூட்டிப்போய்விடுவாரோ என்றுகூட பயந்தேன்.

“அந்தப் பட்டறையில என்ன நடக்கும்?” என்றார் திடீரென்று.

“கடற்படைக் கப்பலையெல்லாம் ரிப்பேர் பண்ணுவாங்க மாமா.”

“போர்க்கப்பலா?”

“ஆமா.”

“போர்க்கப்பல்ல வேலை பாக்கறவரை, செத்த மீனுக்கு ஆபீசர்னு யாராவது சொல்லுவாங்களா? உங்க சித்தப்பாவுக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலயே மாப்பிள்ளை.”

அவர் சிரிக்கிறாரா என்று பக்கவாட்டில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் தண்டனை இல்லாமல் விடவில்லை. ஊருக்குக் கப்பல் ஏறும் முன் என்னைத் தனியே அழைத்தார்.

“நீங்க அந்தப் பெரிய கட்டடத்துல ஆபீசர்னு ஊர்ல எல்லார்கிட்டயும் நான் சொல்லியாச்சு. என் வாயால இனி மாத்திச் சொல்ல முடியாது. அங்கிருந்து யாராவது வந்தா, நீங்களே அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொல்லிடணும்.”

அதன்பின் மங்களத்தின் ஊரிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் அங்கே கூட்டிப்போனேன். ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. காரணம், எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்லும் அளவுக்கு அங்கே போய்ப் போய் அத்தனை விவரமும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. போதாததற்கு, அந்த நாகூர்க்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று ஒரு சலாம் வேறு வைப்பார். “எவ்வளவு அடக்கம் பாரு” என்று மைத்துனர்கள் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பல வருடம் கழித்து நான் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபோது, ஊரிலிருந்து மைத்துனரின் கடிதம் வந்தது. மங்களம் அதைப் பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படித்தாள். இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் அந்தக் கடிதம் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிடும். அதில் ஒரே ஒரு கேள்விதான்:

‘அத்தான், நீங்கள் போய்விட்டால் அத்தனை எலும்பையும் இனி யார் பார்த்துக்கொள்வார்கள்?’