கைசரின் கோல் துளிர்த்தது

பாறசாலையில் பேருந்துக்கு நின்றவர்கள் கையிலெல்லாம் கம்பு. சண்டைக்கல்ல, ஆசீர்வாதம் வாங்க.

ஆரியங்கோட்டில் பந்தல் போட்டிருந்த தீர்க்கதரிசி லிபின் சொன்னது இதுதான். மோசேயின் கோலால் கடல் பிளந்தது. எலிசா போட்ட உப்பால் தண்ணீர் நல்லதானது. ஆரோனின் கோல் துளிர்த்தது. ஆகவே வீட்டுக்கொரு கோலில் பெயர் எழுதி மேடையின் ஈர மணலில் நடுங்கள். துளிர்த்தால் ஆசீர்வாதம். துளிர்க்காவிட்டால் மூதாதையர் சாபம். சாபம் நீங்க சிறப்பு ஜெபம் உண்டு, பொன்னோடு வரவேண்டும்.

ஆரோனுக்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. லிபினுக்கு ஒரு வாரமும் இடவப்பாதி மழையும் தேவைப்பட்டன.

கௌரவமான குடும்பங்கள் பரம்பரைக் கைத்தடியையே கொண்டுவர வேண்டும் என்று தனியாக அறிவித்தார். என் மகன் என்னைக் கேளாமல், உபதேசியாராயிருந்த என் பாட்டனாரின் கருங்காலித் தடிக்கு எண்ணெய் பூசிக் கொண்டுபோய் நட்டுவிட்டான்.

அது துளிர்க்கவில்லை. எங்கள் தோப்பில் தேங்காய் திருடிப் பிடிபட்ட ஜித்தினின் கம்போ பச்சையாகச் சிரித்தது.

எங்கள் தோட்டத்துவிளை வீட்டில் சாபம் என்று ஊரெல்லாம் பேச்சு. என் பேத்தி ஷிஜியைப் பெண் கேட்டு நிச்சயித்திருந்த ஒற்றசேகரமங்கலத்தார், சாபம் தீரட்டும், பிறகு கல்யாணம் என்று சொல்லியனுப்பினார்கள். கல்யாணச் சங்கிலியைக் காணிக்கை வைத்தால் தீரும் என்றார் லிபின். பெண் சாப்பிடாமல் கிடந்தாள்.

என் மனைவி லீலாபாய் தோட்டத்திலிருந்து கடுகடுத்த முகத்தோடு வந்தாள்.

"ஜித்தினுக்க கம்பு எங்க உள்ளதுன்னு தெரியுமா? நம்ம நல்லமிளகுக் கொடி படர வெட்டி வச்ச முருக்கு மரக் கம்பாக்கும். அதையும் களவாண்டுட்டான். முருக்கு துளிர்க்காம பின்ன என்ன செய்யும்?"

மறுகூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். சங்கிலி தருகிறேன், அதற்கு முன் எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு கோல் நடவேண்டும், பக்கத்தில் தீர்க்கதரிசியின் கோலும் நிற்கவேண்டும் என்றேன். கூட்டம் அல்லேலூயா சொல்லிவிட்டது. வெள்ளிப்பூண் போட்ட தம் ஈட்டிமரக் கைத்தடியை அவர் நட்டே தீர வேண்டியதாயிற்று. அன்று காலை வெட்டிய முருக்கை நான் நட்டேன். பெயரைத் தாளில் எழுதி, மடித்துக் கட்டியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு என் கம்பில் துளிர். லிபின் துள்ளினார். சாபம் முறிந்ததாம், இந்தக் கோலுக்குரியவன் கர்த்தர் தெரிந்தெடுத்த பாத்திரமாம். தாளைப் பிரித்து உரக்க வாசித்தார்.

"கைசர். யாரு இந்தக் கைசர் சகோதரன்? மேடைக்கு வரட்டு."

லீலாபாய் எழுந்தாள். "அவன் வரமாட்டான் பாஸ்டரே. கட்டிப் போட்டிருக்கு. அவுத்துவிட்டா தபால்காரரைக் கடிப்பான்."

எங்கள் தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். எங்கள் நாயை அவர்களுக்குத் தெரியும். பிறகு பந்தலே சிரித்தது. நான் ஈட்டித்தடியைக் காட்டினேன். அது வழவழவென்று அப்படியே நின்றது.

"உமக்க கோலு துளிர்க்கல்லியே. உம்ம வீட்டுச் சாபத்துக்கு யாருக்க சங்கிலியை வைக்கப்போறீரு?"

அவர் காணிக்கையாக வாங்கிய பொன்னைப் பெண்கள் திருப்பி வாங்கிய பிறகுதான் அவரால் மேடையைவிட்டு இறங்க முடிந்தது.

மறுநாள் ஒற்றசேகரமங்கலத்தார் பலகாரத்தோடு வந்தார்கள். ஷிஜி காப்பி கொடுத்தாள். கம்பைப் பார்த்துப் பெண் எடுப்பவர்களைப் பற்றி இனி நாங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று அவளே சொல்லியனுப்பினாள்.

காய்ந்த கோல் துளிர்த்தால் அதிசயம். முருக்கு துளிர்க்காவிட்டால்தான் அதிசயம். ஆண்டுதோறும் அதைக் கையால் நடுகிறவர்கள்தான் பந்தலில் வாய்பிளந்து நின்றார்கள். ஈர மணலில் நட்டால் கம்பு துளிர்க்கும். தலை துளிர்க்காது, அதை உபயோகிக்க வேண்டும்.