மிஸ் குடிக்காத தேத்தண்ணி

"வேண்டாம் அம்மா. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றாள் சுதர்சினி.

அது பொய். சிவலட்சுமிக்கும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். போன கிழமையும், அதற்கு முந்தின கிழமையும் சுதர்சினி இதே முற்றத்தில், இதே வேப்பமரத்துக்குக் கீழே, இதே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு இதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தாள்.

ஆவி பறக்கும் தேத்தண்ணிப் பேணியை இரண்டு கையாலும் நீட்டியபடி சிவலட்சுமி கொஞ்ச நேரம் நின்றாள். சுதர்சினி தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நாலு மிடறு குடித்தாள். சிவலட்சுமி அந்தப் போத்தலைப் பார்த்தாள். பிறகு பேணியைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

சுதர்சினி அந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. கிளிநொச்சி டவுனிலிருந்து ஸ்கூட்டியில் அரை மணித்தியாலம் வந்தால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொன்னிபுரம். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர். சிவலட்சுமியின் மருமகள் நிசாந்தினிக்கு இது ஏழாம் மாதம். முதல் பிள்ளை. பிரசர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"வியாழக்கிழமை கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்கோ. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேணும்."

நிசாந்தினி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் குசினி வாசலில் நின்று, வேலியைப் பார்த்தபடி, "பாப்போம்" என்றாள்.

சுதர்சினி தேத்தண்ணி குடிக்காததற்குக் காரணம் அவளுடைய முகம்.

மூன்று வருடங்களுக்கு முன் கன்னங்கள் இரண்டும் அடிக்கடி சுடத் தொடங்கின. பிறகு எரிவு. மிளகாய் தொட்ட கையால் முகத்தைத் துடைத்தது போன்ற எரிவு. பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள். எல்லாரும் முகப்பரு என்றார்கள். பாமசியில் கேட்டு வாங்கிப் பூசிய கிறீம் பத்து நாள் முகத்தைப் பளிங்காக்கிவிட்டு, அதற்குப் பிறகு முன்னதைவிட மோசமாக்கியது. கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு தோல் டொக்டர்தான் அதற்குப் பெயர் சொன்னார். ரோசேசியா.

"வெள்ளைத் தோலில எண்டால் பளிச்செண்டு சிவப்பாத் தெரியும். எங்கட தோலில லேசில பிடிபடாது. அதுதான் இவ்வளவு காலம் போயிருக்கு" என்றார் அவர். "இது முற்றா மாறாது. ஆனால் கட்டுப்பாட்டில வச்சிருக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஒண்டும் குடிக்காதேங்கோ. வெயில் படாமல் இருங்கோ. உறைப்பைக் குறையுங்கோ. அனல் அடிக்கிற இடத்தில இருக்காதேங்கோ. மனசைப் போட்டு உழட்டாதேங்கோ."

"நான் மருத்துவமாது, டொக்டர். கிளிநொச்சியில வேலை."

டொக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு பூசுவதற்கு ஒரு ஜெல்லும், வெயிலுக்கு ஒரு கிறீமும் எழுதினார்.

சுதர்சினி அவர் சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். வெளியில் இறங்கினால் முகத்தைச் சுற்றித் துணி. பையில் குளிர்ந்த தண்ணீர். தகரக் கூரை வீடுகளுக்குள் போகாமல் மரநிழல். ஆனால் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. முந்தி வேலை செய்த ஊரில், "அந்த மிஸ்ஸிட்டப் பிள்ளையைக் குடுக்காதே, ஏதோ ஒட்டுற வருத்தம்" என்று ஒரு தாய் சொன்னதை அவள் தன் காதாலேயே கேட்டிருந்தாள்.

வியாழக்கிழமை முன்பள்ளிக் கட்டடத்தில் கிளினிக். பதினாறு பேர் வரவேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். நிசாந்தினி வரவில்லை. முன்பள்ளி ரீச்சர் லக்சிகா அந்த ஊர்ப் பிள்ளைதான். பதினொரு மணி வரை கதிரைகளை அடுக்குவதும் பிரிப்பதுமாக நின்றவள், கடைசியில் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டீங்களே மிஸ்?"

"சொல்லுங்கோ."

"நீங்கள் எங்கட ஆக்களின்ர வீட்டில பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கிறேல்லை எண்டு கதைக்கினம்."

சுதர்சினி பதிவுப் புத்தகத்தை மூடினாள்.

"தண்ணி வீட்டில இருந்து கொண்டுவாறீங்கள். வீட்டுக்குள்ள கால் வைக்கிறேல்லை, மரத்துக்குக் கீழ இருந்திட்டு எழும்பிப் போறீங்கள். ஒழுங்கைக்குள்ள வரேக்கையே மூக்கை மூடித் துணி கட்டியிருக்கிறீங்கள். முந்தி வந்த சில பேரும் இப்பிடித்தான் மிஸ். தோட்டக்காட்டுச் சனம் எண்டு. அவையாவது வாயால சொன்னவை."

சுதர்சினி யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் டொக்டர் சொன்னது. சேர்த்துப் பார்த்தால், சாதி பார்க்கிற அவளுடைய பெரியப்பா வெளியூரில் நடந்துகொள்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த நினைப்பிலேயே கன்னங்கள் இரண்டும் கொதித்து ஏறின.

"பாத்தீங்களா, கோவம் வந்திட்டுது" என்றாள் லக்சிகா.

"இது கோவம் இல்லை."

"சரி மிஸ்" என்றாள் லக்சிகா, நம்பாத குரலில்.

அடுத்த நாளே சுதர்சினி சிவலட்சுமி வீட்டுக்குப் போனாள். வேலிப் படலையிலேயே முகத்துணியை அவிழ்த்தாள். கூப்பிடாமலே உள்ளே போய், தகரக் கூரைக்கு நேர் கீழே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "அம்மா, தேத்தண்ணி ஒண்டு தாங்கோவன்" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

சிவலட்சுமி அவளை ஒரு முறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். வந்த தேத்தண்ணியில் தேயிலை கூடி, நாக்கைப் பிடித்து இழுக்கும் கசப்பு. கோபத்தில் போட்டது என்று சுதர்சினி நினைத்துக்கொண்டாள். ஆற விட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுப்பார்கள் என்று பயந்து, கொதிக்கக் கொதிக்கக் குடித்து முடித்தாள்.

பேணியைக் கீழே வைப்பதற்குள் முகம் பற்றிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே, மூக்கில், நாடியில் எல்லாம் நெருப்பு. பொறுக்க முடியாமல் எழுந்து கிணற்றடிக்கு ஓடி, வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தாள். திரும்பியபோது சிவலட்சுமி குசினி வாசலில் நின்றாள். நிசாந்தினி அவளுக்குப் பின்னால் நின்றாள்.

பின்னேரம் லக்சிகா தொலைபேசியில் சொன்னாள். "எங்கட தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கிணத்தடியில முழுகாத குறையாத் தீட்டுக் கழிச்சிட்டுப் போனீங்களாம் மிஸ்."

இரண்டாவது வழி அவளே யோசித்தது. அடுத்த கிழமை இரண்டு எவர்சில்வர்ப் பேணிகளை வீட்டிலிருந்து கொண்டுபோனாள். சிவலட்சுமி தந்த தேத்தண்ணியை அதில் ஊற்றி, மாறி மாறி ஆற்றினாள்.

"எங்க பேணியையும் கழுவித்தாங்க குடுத்தேன்" என்றாள் சிவலட்சுமி.

"இல்லை அம்மா, ஆத்தத்தான்."

வேலி அடைத்துக்கொண்டிருந்த சிவலட்சுமியின் புருஷன் பொன்னையா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "வுடு சிவலட்சுமி. அந்தக் காலத்துத் தேத்தண்ணிக் கடையில நமக்குன்னு தனிப் பேணி வெச்சிருந்தாங்கல்ல. இந்த மிஸ் தனக்குத் தனியாக் கொண்டுவந்துட்டாங்க. ஒனக்குக் கழுவுற வேல மிச்சம்."

அந்த இரண்டு பேணிகளையும் திரும்பப் பைக்குள் வைப்பதற்குச் சுதர்சினிக்கு நெடுநேரம் பிடித்தது.

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் லக்சிகாவிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்றாள்.

"எனக்கு முகத்தில ஒரு வருத்தம் இருக்கு. சூடு பட்டால் எரியும். அதுதான் நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை. வேற ஒண்டும் இல்லை."

"ஒட்டுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒட்டாது" என்றாள். ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் முகத்தைப் பார்த்தால் ரோசேசியா சும்மா இருக்காது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கன்னங்கள் கருஞ்சிவப்பாக ஊதி எழும்பின. வாய் சொன்னதை முகம் மறுத்துவிட்டது. முன் வரிசைத் தாய்மார் பிள்ளைகளை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளை நிறுக்கிற தொங்குதராசில் லக்சிகா தன் கைப்பையை மாட்டிப் பார்த்தாள்.

"ஒண்டரைக் கிலோ மிஸ்."

சுதர்சினி சிரிக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் நிசாந்தினியின் பெயருக்கு நேரே நான்கு கிழமையாக ஒன்றும் எழுதப்படாமல் இருந்தது. இப்போது எட்டு மாதம் தாண்டியிருக்கும்.

எதைக் கொண்டுபோனாலும் அது ஒரு குற்றமாகிவிடுகிறது என்பதால் துணி, போத்தல், பேணி எல்லாவற்றையும் முன்பள்ளியிலேயே விட்டுவிட்டு, பிரசர் பார்க்கிற கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் புறப்பட்டாள்.

சிவலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ் கோவிச்சுக்காதீங்க. மொதப் புள்ள. ஒங்களுக்கு ஒட்டுற வியாதின்னு சொல்றாங்க. எங்க வீட்டுல நீங்க வாய் நனைக்கிறதில்ல. நாங்களும் ஒங்ககிட்ட வராம இருந்துக்கிறோம். ரெண்டு பேருக்கும் அதுதாங்க மரியாத."

சுதர்சினிக்கு அழுகை வந்தது. அழுதால் முகம் இன்னும் எரியும் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஒருக்கா என்ர கன்னத்தைத் தொட்டுப் பாருங்கோ அம்மா."

சிவலட்சுமி தயங்கினாள். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள்.

"என்னங்க இது, அடுப்புக்கல்லு மாதிரி கொதிக்குது."

"வெயிலில வந்தாலே இப்பிடித்தான். சூடாக் குடிச்சாலும் இப்பிடித்தான். அண்டைக்கு நான் கிணத்தடியில கழுவினது உங்கட தேத்தண்ணியை இல்லை. இந்த எரிவை. எனக்கு ஆறு வயசில ஒரு மகள் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் இந்தக் கன்னத்தில கன்னம் வச்சுத்தான் நித்திரை கொள்ளுவாள். அவளுக்கு ஒட்டேல்லை."

"அப்ப மொதல்லயே ஏங்க சொல்லல?"

"வெக்கம்" என்றாள் சுதர்சினி.

சிவலட்சுமி பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து நிசாந்தினியின் குரல் வந்தது. "மாமி, தல வெடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணெல்லாம் மங்குது."

சிவலட்சுமி வாசலை விட்டு விலகினாள்.

நிசாந்தினியின் காலில் விரலை வைத்து அமத்தினால் குழி அப்படியே நின்றது. பிரசர் நூற்றறுபதைத் தாண்டியிருந்தது. சுதர்சினி அம்புலன்சுக்கு அடித்தாள். அது வரும் வரை நிசாந்தினியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அம்புலன்சில் போகும்போது சிவலட்சுமி தன் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்தாள். மருமகளுக்கு என்று சுதர்சினி நினைத்தாள். சிவலட்சுமி அதைச் சுதர்சினியின் கன்னத்தில் வைத்து ஒற்றினாள்.

அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நிறை கொஞ்சம் குறைவு, வேறு குறை ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்று சொல்லத் தொடங்கிய டொக்டர், சிவலட்சுமியின் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார்.

நாலாம் நாள் சுதர்சினி லீவு எடுத்துக்கொண்டு வார்ட்டுக்குப் போனாள். ஒரு குடும்பத்தின் மனதை ஒரு பேணித் தேத்தண்ணியால் நோகடித்தவள் அதைத் தேத்தண்ணியாலேயேதான் ஆற்றவேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். நல்ல தேயிலை வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்க் நிறையக் கொண்டுபோனாள்.

ஊற்றிக் கொடுத்ததைச் சிவலட்சுமி இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆற விட்டுக் குடியுங்கோ அம்மா."

"இல்லங்க. அன்னைக்கு நீங்க ஆத்தியா குடிச்சீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், அடிவரை குடித்தாள். குடித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துச் சுதர்சினிக்கும் கலங்கியது.

"இன்னும் கொஞ்சம் விடட்டா?"

சிவலட்சுமி ஒரு கணம் நின்றாள். பிறகு கோப்பையை நீட்டினாள். அதையும் குடித்தாள். "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டு வர வெளியில் போனாள். போனவள் திரும்பி வர நேரமெடுத்தது.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நிசாந்தினி, சுதர்சினியைக் கிட்ட வரச்சொல்லிக் கை காட்டினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மிஸ், இனிமே மாமிக்கு இதக் கொண்டுவராதீங்க. தோட்டத்த விட்டு வந்த அன்னைக்கே அவங்க அம்மா 'இனி அந்த எல நம்ம வாசப்படி ஏறக்கூடாது'ன்னு சொல்லிட்டாங்களாம். எங்க வீட்டுல யாருமே தேத்தண்ணி குடிக்கிறதில்ல. நாப்பது வருசத்துக்கப்புறம் மாமி அத வாங்கினதே நீங்க வர்றீங்கன்னுதான்."