இருபத்தாறு வயது மூளை

மூளையைத் தீட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பேருந்தில் கைபேசிக்குள் முகத்தைப் புதைத்து, நிறம் மாறும் கட்டங்களை விரலால் குத்தி, திடீரென்று "அடச்சே!" என்று தொடையில் தட்டிக்கொள்கிறாரே, அவர்தான். விளையாடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி செய்கிறார். விளையாட்டு என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

இந்த இனத்தை நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டிலேயே, என் அக்காவின் கணவர் அதில் மூத்த உறுப்பினர். குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர், நாற்பதைத் தாண்டியவர். மாமா இடது கையால்தான் பல் துலக்குவார், வலப்பக்க மூளை சோம்பிவிடக் கூடாதாம், சட்டையெல்லாம் பற்பசை. தினம் ஒரு புதிய தெரு வழியாக அலுவலகம் போவார், பழகிய வழியில் போனால் மூளை தூங்கிவிடுமாம். இவர் போய்ச் சேர்வதற்குள் மேலதிகாரி விழித்துக்கொண்டு வருகைப் பதிவேட்டைத் தன் அறைக்குள் எடுத்துப் போயிருப்பார். முன்னால் போகும் வண்டிகளின் எண்களைக் கூட்டுவார், கூட்டியதைப் பெருக்குவார், பெருக்கிக்கொண்டே சாலைப் பள்ளத்தில் இறங்குவார். பள்ளம் மட்டும் பயிற்சித் திட்டத்தில் இல்லை.

ஒரு நாள் காலை, கட்டம் குத்தி முடித்த கைபேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"பாத்தியா! என் மூளைக்கு வயசு இருபத்தாறாம்!"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ரொம்ப சந்தோஷம். அந்தச் சின்ன வயசுக்காரர கொஞ்சம் மாடிக்குப் போயி துணி காயப்போடச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் முட்டி வலி."

அந்தக் கேலிக்குள் ஒரு பயம் இருந்தது. மாமாவுக்குத் துறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேறினால் இதே அலுவலகத்தில் மேற்பார்வையாளர். தவறினால் எங்கோ தொலைவில் உள்ள கிளைக்கு மாற்றல். அக்கா இங்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அதை விட முடியாது. ஆக, ஒரு குடும்பம், இரண்டு ஊர், இரண்டு அடுப்பு. மகளோ அப்பா மேல் கால் போடாமல் தூங்க மாட்டாள்.

தேர்வுக்கு உரிய விதிப்புத்தகம் மேசையில் இருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியாமல்.

"இன்னும் படிக்க ஆரம்பிக்கலையா மாமா?" என்றேன்.

"மாப்ள, படிக்கிறது யாரு? மூளை. மொதல்ல அத ரெடி பண்ணிட்டா, புத்தகத்த ஒரே புரட்டுல முடிச்சிரலாம். காலேஜ் போனவன், உனக்கே இது தெரியலையா?"

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அதனால் உலகத்துச் சந்தேகங்களுக்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"நெசமாவே இதுல புத்தி வளருமாடா? வளரும்னா சொல்லு, நான் வாய மூடிக்கிறேன்."

தேடிப் படித்தேன். கட்டம் குத்திப் பழகினால் கட்டம் குத்துவதில் கெட்டிக்காரர் ஆகலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம் கட்டத்தை விட்டு இறங்கி வாழ்க்கைக்குள் நடந்து வருமா என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு. படிக்கப் படிக்க எனக்கே ஓர் உறுத்தல். நான் வாங்கிய பட்டம் மட்டும் என்ன? கல்லூரி எனக்குப் புத்தியைக் கொடுத்ததா, தேர்வு எழுதும் பழக்கத்தைக் கொடுத்ததா? யாரிடம் போய்க் கேட்பது? வீட்டில் பெரிய படிப்பாளியே நான்தான்.

நான் அக்காவிடம் சொன்னேன், அக்கா மாமாவிடம் சொன்னாள், மாமா சிரித்தார்.

"அந்த ஆராய்ச்சிக்காரங்க எந்த லெவல் வரைக்கும் ஆடியிருப்பாங்க?"

தேர்வு எழுதிவிட்டு வந்தவரை அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"எப்படிங்க எழுதினீங்க?"

"எல்லாரையும் விட வேகமா கேள்வியப் புரிஞ்சுக்கிட்டேன்."

"சரி, பதிலு?"

"பதில்தான்... அது அந்தப் புத்தகத்துல இருக்கும்போல."

அக்கா சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது வேறு எதுவோ ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மாற்றல் உத்தரவு வந்தது. மாமா பெட்டியோடு புறப்பட்டபோது, "அடுத்த தடவ எழுதித் தேறிட்டா திரும்பி வந்துரலாமாம்," என்றார். "அங்க தனியாத்தான் இருப்பேன். பயிற்சிக்கு நல்ல வசதி."

"பயிற்சியெல்லாம் வேணாம்," என்றாள் அக்கா. "தினம் சாப்பிடுற நேரத்துல போன் பண்ணுங்க. அன்னைக்குப் படிச்ச விதிய எனக்குச் சொல்லுங்க. புரியலைன்னாலும் கேக்குறேன்."

இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாடு விடுப்பு விதிகளைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறது. ஈட்டிய விடுப்பை எப்போது ஒப்படைத்துப் பணமாக வாங்கலாம், மருத்துவ விடுப்புக்கு யார் கையெழுத்து என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். மாமாவுக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறது. தட்டிக் கேட்க ஆள் இருந்தால் பாடம் நிற்கும்போலிருக்கிறது. மகள் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

நீங்கள் மாமாவைப் பார்த்துச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க உட்கார்ந்தபோது வேறொரு வேலை உங்களுக்காகக் காத்திருந்ததா? மூளையைப் பற்றித்தானே, தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று அதைச் சற்றே தள்ளி வைத்தீர்களா? இப்போது படித்து முடித்ததும் லேசாகப் புத்தி கூடினாற்போல் இருக்கிறதா?

ஜாக்கிரதை. மாமாவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்ததாம்.