மூன்றாவது பக்கத்தை அளக்காத மாப்பிள்ளை

கணக்கு வாத்தியார்கள் எதையும் அளப்பதில்லை, கண்டுபிடித்துவிடுவார்கள். (அளப்பது கணக்கு வராதவர்களின் வேலை என்று ஒரு நினைப்பு.) இருபத்தேழு வயதில் எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. குணப்படுத்தியது என் நிச்சயதார்த்தம்.

காயத்ரியின் வீடு ஆயர் ஈத்தாமில், சந்து வளைகிற இடத்தில் இருக்கும் மூலை வீடு. நிச்சயத்தை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அப்பா கூடாரம் வாடகைக்கு எடுக்கக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். முக்கோணமாக ஒரு கான்வாஸ் தைத்து, மூன்று முனைகளையும் இழுத்துக் கட்டினால் அழகாக இருக்கும், பிறகு காருக்கும் நிழலாகும் என்றேன். வருங்கால மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வாசலின் மூலையிலிருந்து வீட்டுச் சுவரோரமாக எட்டு மீட்டர் அளந்தேன். அதே மூலையிலிருந்து மதில் சுவரோரமாக கேட் தூண் வரை ஆறு மீட்டர். மூன்றாவது பக்கத்தின் குறுக்கே மாமாவின் கார் நின்றது.

“காரை எடுத்துடறேன், அதையும் அளந்துரு லா தம்பி,” என்றார்.

“தேவையில்ல மாமா. எட்டெட்டு அறுபத்து நாலு, ஆறாறு முப்பத்தாறு. கூட்டுனா நூறு. அதோட வர்க்கமூலம் பத்து. பத்து மீட்டர்தான், ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது.”

மாமா கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு என்னை மரியாதையோடு பார்த்தார். (அந்தப் பார்வையை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.)

லிட்டில் இந்தியாவில் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, நிச்சயத்தன்று காலையில் கட்டினோம். இரண்டு முனைகள் அம்சமாகப் பொருந்தின. மூன்றாவது, கேட் தூணுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. நான் தையல்காரரைத் திட்டினேன். (பாவம், அவர் நான் சொன்ன அளவுக்கு நூல் பிசகாமல் தைத்திருந்தார்.) பட்டுச் சேலையோடு வந்த காயத்ரி டேப்பை வாங்கி அந்தக் குறுக்குப் பக்கத்தை அளந்தாள். பதினொன்றரை மீட்டர்.

“அந்த மூலை நேரா இருக்கான்னு பாத்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பார்க்கவில்லை. சந்தின் வளைவுக்கேற்ப மதில் சுவரும் வெளிப்பக்கமாக விரிந்து போயிருந்தது. செங்கோணமே இல்லாத இடத்தில் நான் செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டிருந்தேன். இதே தவறுக்காக அந்த வாரம்தான் ஒரு வகுப்பையே நிற்க வைத்திருந்தேன்.

கயிறு கட்டி ஒப்பேற்றினோம். கான்வாஸ் நடுவில் தொய்ந்தது. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, தொய்வு தொப்பையானது. அதற்கு நேர் கீழே, பத்து காவான் என்ற ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா உட்கார்ந்து பெண் வீட்டாரிடம் என் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க பையன் கணக்குல புலி,” என்றபோது கயிறு அறுந்தது.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க, உடம்பில் ஈரமில்லாத துணியைத் தேடினார். சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு செய்தேன். ஆனால் கதவுக்குப் பின்னால் காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா ஒரு துண்டை நீட்டி எல்லோரையும் உள்ளே அழைத்தார். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அந்தச் சின்னக் கூடத்தில், பெரியப்பா மாமாவின் கைலியைக் கட்டிக்கொண்டு தட்டு மாற்றினார். அதைவிட நல்ல நிச்சயதார்த்தம் எனக்கு வாய்த்திருக்காது.

பன்னிரண்டு வருடமாகிறது. இன்றும் குடும்ப விசேஷங்களில், ஏர்கோன் போட்ட மண்டபமாகவே இருந்தாலும், பெரியப்பா என் பக்கத்தில் உட்கார வந்தால் முதலில் குடையை விரிப்பார்.