அம்மாவை வீட்டுக்காரியாக்கிய அண்ணாச்சி

தில்லியின் ஜனவரிப் பனிமூட்டத்துக்கு அஞ்சாத பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். துணைவேந்தருக்கு அஞ்சாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ரிமைண்டர் அண்ணாச்சிக்கு அஞ்சாத ஒருவரை எங்கள் பல்கலைக்கழகத்தில் இன்றுவரை பார்த்ததில்லை.

சம்பளப் பிரிவில் அதிகாரி. திருநெல்வேலிக்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் அவர் பேசும் இந்தியிலும் திருநெல்வேலிதான் கேட்கும். உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. நாங்கள் நாலைந்து தமிழர்கள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட, அதுதான் பெயர் என்று நினைத்த மற்றவர்கள் ‘அண்ணாச்சி ஜி’ ஆக்கிக்கொண்டார்கள். ஒரு டீன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் உறையில் ‘திரு. அண்ணாச்சி மற்றும் குடும்பத்தினர்’ என்றே எழுதி அனுப்பினார். அண்ணாச்சி திருத்தவில்லை. கல்யாணத்துக்குப் போய், நூற்றியொரு ரூபாய் வைத்த கவரில் நாமினி மாற்றும் படிவம் ஒன்றையும் மடித்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மணமகளும் எங்கள் ஊழியர்தான்.

ஆண்டு முடிவில் நாங்கள் கட்டிய காப்பீடு, சேமிப்பு, வாடகை எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் வரி பெரிதாக விழும். இந்த அத்தாட்சிகளை வசூலிப்பதுதான் அண்ணாச்சியின் வாழ்க்கை. முதல் நினைவூட்டல் மரியாதையாக வரும். இரண்டாவதில் கொடுக்காதவர்கள் பெயர்ப் பட்டியல் இருக்கும். மூன்றாவது நினைவூட்டலாக அவரே வந்துவிடுவார்.

இயற்பியல் பேராசிரியர் ஒருவர் அவர் வருவதைப் பார்த்து ஆய்வகத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி தட்டினார். “ப்ரொஃபசர் சாப் இல்லை பையா” என்று உள்ளிருந்து இந்தியில் பதில் வந்தது, பேராசிரியரின் சொந்தக் குரலிலேயே. “அச்சா. வந்ததும் இதுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்று படிவத்தையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளினார் அண்ணாச்சி. இரண்டு நிமிடத்தில் கையெழுத்தோடு படிவம் வெளியே வந்தது. பேனா வரவில்லை. பேனாவுக்கும் ஒரு நினைவூட்டல் போனது.

நான் பத்திரிகையில் இருந்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுத் துறைக்கு வந்தவன். அண்ணாச்சியின் சுற்றறிக்கைகளைச் செப்பனிடுவதும் என் வேலை. நாற்பது வரியை ஒருமுறை நாலு வரியாக்கிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

“வே, நீரு பேப்பர்காரரு. நாலு வரி எழுதுனா ஜனங்க படிப்பாங்க. வாத்தியாருங்க நாலு வரின்னா நமக்கில்லைன்னு போயிருவாங்க. நாப்பது இருந்தாத்தான் பயப்படுவாங்க.”

அவரிடம் பயம் என்றால் என்னவென்று எனக்கும் பிறகு தெரிந்தது. தெரிந்த விதம்தான் எனக்குச் சுகமாக இல்லை.

ஜனக்புரியில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அப்பா வாங்கி, அம்மா பெயரில் பதிந்துவிட்டுப் போனார். பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் அவர்களுக்கு வாடகை கொடுத்தால் வரியில் கழிவு உண்டு. ஆகவே நானும் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் வாடகை கொடுத்துவந்தேன், காகிதத்தில். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ரசீதுகளை எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, காபி குடித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் முன்னால் வைப்பேன். “என்னடா இது?” என்பார். “ஆபீஸ் பேப்பர்மா” என்பேன். போட்டுக் கொடுத்துவிடுவார். இப்படி ஆறு வருடம். அதுவரை எங்கள் துறையின் ரசீதுகளை வேறொருவர் பார்த்துவந்தார். ஏழாவது வருடம் அவை அண்ணாச்சியின் மேசைக்குப் போயின.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். பன்னிரண்டு ரசீதுகளும் மேசைமேல் சீட்டாட்டம்போல் விரிந்து கிடந்தன.

“பன்னெண்டு மாசமும் ஒரே பேனா.”

“அம்மாகிட்ட ஒரு பேனாதான் இருக்கு அண்ணாச்சி.”

“பன்னெண்டு மாசமும் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு.”

“ஒரே அம்மாதானே.”

“சரி. ஜூன் மாசத்துல ஒரு சொட்டு வேர்வை இல்லையே. நம்ம தில்லி ஜூன் வே!” என்றவர், ஏப்ரல் ரசீதையும் மே ரசீதையும் எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்தார். இரண்டு ஸ்டாம்புகளின் கிழிந்த பற்களும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. “ஏப்ரல்ல ஒட்டுனதும் மேயில ஒட்டுனதும் கூடப்பொறந்ததுக. இப்பச் சொல்லும், வாடகை குடுக்கீரா இல்லையா?”

“வீட்டுச் செலவு முழுக்க நான்தானே பாக்கிறேன்?”

“அது மகன் பாக்கது. நான் வாடகைக்காரரைக் கேக்கேன்.”

ரசீதுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரிச் சம்பளம் வங்கிக்கு வந்தபோது வேறு யாருடைய சம்பளமோ தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சண்டை போடப் போனேன். “தண்டனை இல்ல வே, வரி” என்று சொல்லி, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் அவர் வெறும் அதிகாரி. அந்தச் சனிக்கிழமை, துவாரகாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகும் வழியில் ஜனக்புரியில் இறங்கி எங்கள் வீட்டு மணியை அடித்தார். அம்மா காபி கொடுத்தார். அதை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்:

“அம்மா, உங்க வாடகைக்காரர் எப்படி? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கு ஏது தம்பி வாடகைக்காரர்?”

“இந்தா நிக்காருல்லா.”

அடுத்த பத்து நிமிடத்தில், ஆறு வருடமாக மாதம் பதினைந்தாயிரம் வாங்கிவருவதை அம்மா தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப, பிளவுஸ் தைக்கக் கூலி வேணும்னு போன மாசம் உன் ரூம் வாசல்ல வந்து நின்னேனே, அது யாரு?”

அண்ணாச்சி காலித் தம்ளரை மறுபடியும் குடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலிலிருந்து அம்மாவின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வாடகை போக ஆரம்பித்தது. அம்மா வீட்டுக்காரியானார். அந்த வேலைக்காகவே பிறந்தவர்போல இருந்தார். ஆறாம் தேதி ஆனால், “ஏன்டா, அஞ்சாம் தேதி தாண்டிருச்சே?” சமையலறைக் குழாய் ஒழுகியது, சொன்னேன். “அடுத்த வாரம் ஆளை வரச்சொல்றேன்” என்றார். மூன்று வாரம் ஒழுகியது. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போனால், “கேக்காம சுவத்துல கை வைக்காத” என்று கூடத்திலிருந்து குரல் வரும். என் மனைவியிடம் முறையிட்டேன். “நான் குடித்தனக்காரர் பொண்டாட்டி. எனக்கு எதுக்கு வம்பு?” என்றாள். என் மகள் அம்மாவுக்கு ‘மகான் மால்கின்’ என்று பெயரே வைத்துவிட்டாள். வீட்டுக்காரி என்பதன் இந்தி.

முதல் மாத வாடகையில் அம்மா குளியலறைச் சுவரில் எஃகுக் கைப்பிடி ஒன்று பொருத்தினார், வழுக்காமல் பிடித்துக்கொள்ள. இரண்டு வருடமாக நான் “பாக்கலாம்மா, பாக்கலாம்” என்று சொல்லிவந்த கைப்பிடி. இரண்டாம் மாதம் கரோல் பாக்குக்குத் தனியாக மெட்ரோவில் போய் ஒரு மிக்ஸி வாங்கிவந்தார். விலை என்ன என்று கேட்டேன். “உனக்கெதுக்கு?” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலு வருடம் இப்படிப் போனது. மாதாமாதம் ரசீது எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் அம்மாவே சேர்த்துவைப்பார். ஜனவரியில் அண்ணாச்சி ஒன்றுகூடத் திருப்பவில்லை.

பிறகு வரியில் புதிய முறை எங்களுக்கு லாபமானது. அதில் அத்தாட்சி எதுவும் வேண்டாம். வாடகைக்குக் கழிவும் கிடையாது. போன ஏப்ரலில், ‘பழைய முறையா, புதிய முறையா’ என்று கேட்டு அண்ணாச்சியின் நாற்பது வரி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதியதில் டிக் அடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேனாவைத் திறந்து நான் டிக் அடித்த இடத்தை வட்டமிட்டார்.

“அப்ப இனிமே வாடகை ரசீது வேண்டாம்.”

“வேண்டாம்தானே அண்ணாச்சி?”

“ஆபீசுக்கு வேண்டாம்.” பேனாவை மூடினார். “வாடகையை நிறுத்துதீரா?”

அன்று காலை மெட்ரோவில் ராஜீவ் சௌக் வரும்வரை அந்த யோசனை எனக்கு இருந்தது உண்மை. பதினைந்தாயிரம் பதினைந்தாயிரம்தான். யோசனை அவருக்கு என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாம்பின் பல்லைப் பார்த்தவர்.

“அம்மாகிட்ட நீரு சொல்லுதீரா, நான் சொல்லவா?”

“யாரும் சொல்ல வேண்டாம். வாடகை போகும்.”

“நல்லது.” படிவத்தைக் கோப்பில் வைத்தார். “ஜனவரியில ரசீதைக் குடுத்துரும்.”

“இப்பத்தானே வேண்டாம்னீங்க?”

“நீரு நிறுத்தலைன்னு நான் எப்படி நம்புவேன்? ப்ரூஃப் வேணும்லா?”

இந்த ஜனவரியில் என் கைப்பேசிக்கு, ‘வாடகை ரசீது வரவில்லை’ என்று செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை. சனிக்கிழமை ஸ்வெட்டர், மஃப்ளர், கையில் பையோடு வந்து நின்றார். அம்மா டப்பாவைத் திறந்து அவர் முன் வைத்தார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். செப்டம்பரைத் தனியாக எடுத்து வைத்தார்.

“அம்மா, தேதி போடலை.”

“அச்சச்சோ. ஜல்தியில விட்டுருக்கேன் தம்பி, ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்களே” என்று பதறித் தேதி போட்டுக் கொடுத்தார் அம்மா. அண்ணாச்சி பன்னிரண்டையும் அடுக்கிக் கிளிப் போட்டு, தட்டிச் சரிசெய்து, பைக்குள் வைத்தார். அவற்றை வாங்கிக்கொள்ள எந்த அலுவலகத்திலும் கோப்பு இல்லை என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

மெட்ரோ வரை கொண்டுவிட நானும் கிளம்பினேன். படியிறங்கும்போது பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“பன்னெண்டு பேப்பர் வே, அம்புட்டுதான். குடும்” என்றார்.

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நான் கொடுக்கவில்லை.